'சோம்பேறி' என்று திட்டாதீர்கள்... அந்த மௌனமும் நோய்தான்!

செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையை ஒட்டி வரும் ஊர் கருங்குழி. (வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூர் பக்கம் இருக்கிறது. இது செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி.) இப்படிப்பட்ட ஓர் ஊரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மகனுக்கு 28 வயது. ஐந்து வருடங்களுக்கு முன்பு, யாரோ காதுக்குள் பேசுவதாகச் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைக் கொல்லத் திட்டமிடுவதாகப் பயந்தான். டாக்டரிடம் காட்டினார்கள். 'மனச்சிதைவு நோய்' என்றார்கள். மாத்திரை ஆரம்பித்த சில மாதங்களில் குரல்கள் அடங்கின, பயமும் போனது. குடும்பம் பெருமூச்சு விட்டது.

ஆனால், அவன் பழைய ஆளாகத் திரும்பி வரவில்லை. காலை பத்து மணி வரை படுக்கை. எழுந்தால் திண்ணை. குளி என்று நாலு தடவை சொன்னால்தான் குளிப்பான். கூட விளையாடிய நண்பன் வந்து பேசினாலும் 'ம்', 'இல்ல' என்று இரண்டு வார்த்தை. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தியைச் சொன்னபோதும் முகத்தில் ஒரு மாற்றம் இல்லை.

"வியாதிதான் சரியாப் போச்சே, இன்னும் ஏன் வேலைக்குப் போகாம உக்காந்திருக்கான்?" என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். "நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே" என்று அம்மாவுக்கும் பேச்சு விழுகிறது. கடைசியில் அப்பாவே பொறுமை இழந்து, "சோம்பேறி... தண்டச்சோறு" என்று கத்துகிறார்.

அந்த வார்த்தை எவ்வளவு தவறானது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். அந்தத் திண்ணையிலிருந்து அவனை எழுப்ப என்ன வழி என்பதையும் பார்ப்போம்.

கூடி வருவது, குறைந்து போவது

உலகம் முழுக்க சுமார் 2.4 கோடிப் பேருக்கு ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது, ஏறக்குறைய 300 பேரில் ஒருவர். அந்தக் கணக்கில், பத்தாயிரம் பேர் வசிக்கும் ஓர் ஊரில் முப்பது பேருக்கு மேல் இருக்கக்கூடும்.

இந்த நோயின் அறிகுறிகளை டாக்டர்கள் இரண்டு பெரிய பிரிவுகளாகப் பார்க்கிறார்கள். முதலாவது, இயல்பான மனநிலையில் இல்லாதவை புதிதாக வந்து சேர்வது. இல்லாத குரல் கேட்பது, இல்லாத சதி தெரிவது, பேச்சு தாறுமாறாகப் போவது எல்லாம் இந்த வகை. தெருவே கவனிக்கும். குடும்பம் பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்.

இரண்டாவது, இயல்பாக எல்லோரிடமும் இருப்பவை குறைந்து போவது. இதை 'நெகட்டிவ் அறிகுறிகள்' என்பார்கள். நெகட்டிவ் என்றால் கெட்டது என்று அர்த்தமில்லை. கழித்தல் குறி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து விஷயங்கள் கழிந்து போகின்றன.

* முனைப்பு: ஒரு வேலையைத் தொடங்கவும் தொடரவும் வேண்டிய உந்துதல் இருக்காது. பல் தேய்ப்பதுகூட மலையேறுவது மாதிரி ஆகிவிடும்.
* பேச்சு: கேட்டால் மட்டும் பதில், அதுவும் ஒற்றை வார்த்தையில்.
* முக பாவம்: சிரிப்பு, கோபம், வருத்தம் எதுவும் முகத்திலோ குரலிலோ தெரியாது.
* இன்பம்: முன்பு பிடித்த சினிமா, கிரிக்கெட், சாப்பாடு எதிலும் நாட்டம் இருக்காது.
* உறவு: மனிதர்களோடு பழகும் ஆசை குறைந்து, தனியே ஒதுங்கிவிடுவார்கள்.

சத்தம் போடாத அறிகுறிகள் என்பதால் இவற்றை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. 'குணம்' என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் நோயாளிகளின் குடும்பங்களிடம் பேசி ஆராய்ந்தவர்கள், வீட்டார் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை குரல் கேட்பதைப் பற்றியோ சந்தேகத்தைப் பற்றியோ இல்லை என்று கண்டார்கள். 'எதுவும் செய்யறதில்ல, பேசறதில்ல, ஒதுங்கியே இருக்கான்' என்பதுதான் அதிகமாக வந்த குறை. கருங்குழித் திண்ணையில் கேட்ட அதே புலம்பல்!

அந்த விமர்சனத்துக்கு விலையும் உண்டு. ஓயாத திட்டும் குத்தலும் உள்ள வீடுகளில் நோய் மறுபடி தீவிரமாகும் வாய்ப்பு அதிகம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம்.

பாயசம் பிடிக்கும்... எழுந்து போகத்தான் முடியவில்லை

'அவனுக்கு எதிலுமே இஷ்டமில்ல' என்று நாம் நினைக்கிறோம். ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன.

ஒரு டம்ளர் பாயசத்தைக் கையில் கொடுத்தால், மனச்சிதைவு உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே அதை ரசிக்கிறார்கள். ஆனால், 'அடுக்களையில் பாயசம் இருக்கு, போனா கிடைக்கும், நல்லா இருக்கும்' என்ற எதிர்பார்ப்பு மனதில் எழுவதுதான் குறைவு. நம்மை எழுந்து நடக்க வைப்பது அந்த எதிர்பார்ப்பு. அது எழாதபோது கால் நகராது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நோய் வந்த பிறகு படிப்பு நின்றிருக்கும், வேலை போயிருக்கும், நண்பர்கள் விலகியிருப்பார்கள். தொட்டதெல்லாம் தோற்ற அனுபவம். 'எதுக்கு முயற்சி பண்ணணும், எப்படியும் சொதப்பத்தானே போறேன்' என்ற எண்ணம் உள்ளே ஊறிவிடுகிறது. வெளியே சோம்பலாகத் தெரிவது, உள்ளே பல சமயம் தோல்வி பயம்.

இந்த இரண்டையும் புரிந்துகொண்டால், 'எழுந்து போடா' என்ற அதட்டல் ஏன் வேலை செய்வதில்லை என்பதும் புரியும். எதிர்பார்ப்பு எழாத மனதில் அதட்டலால் அதை எழுப்ப முடியாது. தோல்வி பயம் இருக்கும் மனதில் அது பயத்தைத்தான் கூட்டும்.

மாத்திரை மட்டும் ஏன் போதவில்லை?

1950-களில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து வந்தது, மனநல மருத்துவத்தையே மாற்றியது. அதற்குப் பின் வந்த மருந்துகளில் பெரும்பாலானவையும் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. குரல்களும் சந்தேகங்களும் அடங்குவது அதனால்தான். ஆனால், குறைந்துபோன முனைப்பைத் திரும்பக் கொண்டுவருவதில் இந்த மருந்துகளின் பலன் சொற்பம்.

அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் குரல்கள் திரும்பி வரும். அப்புறம் எந்தப் பயிற்சியும் பலிக்காது. மாத்திரை வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. அஸ்திவாரத்தை மட்டும் போட்டுவிட்டு அதில் குடியிருக்க முடியாது.

இந்த மௌனத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். மருந்தின் அளவு கூடினால் தூக்கம், உடல் விறைப்பு, முகம் இறுகிப்போவது வரும். கூடவே மனச்சோர்வு நோய் இருக்கலாம். சிலர், குரல்கள் இன்னும் கேட்பதை வெளியே சொல்லாமல் பயந்து ஒதுங்கியிருப்பார்கள். இவை எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால், இவற்றில் பலவற்றை டாக்டர் சரிசெய்ய முடியும். எனவே, 'குரல் கேட்கலை, ஆனா நாள் முழுக்கச் சும்மாவே இருக்கார்' என்பதை அடுத்த முறை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். 'பரவாயில்லை சார், தொந்தரவு இல்லை' என்று முடித்துவிடாதீர்கள்.

சும்மா இருப்பதே சும்மா இருக்க வைக்கும்

இன்னொரு காரணம், சுற்றியுள்ள வெறுமை. ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1960-களில் இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளில் நீண்ட காலம் இருந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களது புத்தகம் 1970-ல் வெளிவந்தது.

எந்த மருத்துவமனையில் நோயாளிகள் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்த நேரம் அதிகமோ, அங்கே மௌனமும் ஒதுங்கலும் அதிகமாக இருந்தன. சில வருடங்களில் அங்கே வேலைகளும் மனித சகவாசமும் கூடியபோது, பலரிடம் இந்த அறிகுறிகள் குறைந்தன. சுற்றுச்சூழல் மாறியபோது, நோயின் பகுதி என்று நினைத்ததும் கொஞ்சம் மாறியது!

சென்னையில் இந்த விஷயத்தைச் சீக்கிரமே புரிந்துகொண்டவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் 1961 முதல் 1978 வரை இருந்தார். நோய் கட்டுப்பட்டவர்களுக்கு அடுத்து வேண்டியது மறுவாழ்வு என்பதில் உறுதியாக இருந்தார். ஓய்வுக்குப் பிறகு, 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் பெற்றவர், 2021 டிசம்பரில் தன் 98-வது வயதில் மறைந்தார். அவருக்குப் பின் டாக்டர் ஆர்.தாரா உள்ளிட்டவர்கள் அந்த அமைப்பை நடத்தி வளர்த்தார்கள்.

நம் ஊர்ப் பக்கமே நடந்த பரிசோதனை

'வேலை, பேச்சுத்துணை, பயிற்சி எல்லாம் சரி... கிராமத்துல அதுக்கு ஆளுக்கு எங்க போறது? மனநல டாக்டரே டவுன்லதானே இருக்கார்' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைத் தேடிய ஆய்வில் ஒரு பகுதி, பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் நடந்தது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பு, கருங்குழியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

அந்த ஆய்வின் பெயர் 'காப்ஸி'. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவின் சதாரா என்று மூன்று இடங்களில் நடந்தது. தமிழ்நாட்டில் நடத்தியது ஸ்கார்ஃப். 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மனச்சிதைவு உள்ள 282 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். 95 பேருக்கு வழக்கமான ஆஸ்பத்திரி சிகிச்சை மட்டும். 187 பேருக்கு அதோடு கூடவே, சமூக சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீடு தேடி வருவார்.

அந்தப் பணியாளர்கள் டாக்டர்களோ சைக்காலஜி பட்டதாரிகளோ இல்லை. உள்ளூர்க்காரர்கள். பத்தாம் வகுப்பு அளவுக்குப் படிப்பும், மனிதர்களிடம் பக்குவமாகப் பழகும் குணமும் போதும். ஆறு வாரப் பயிற்சி கொடுத்து, மேலே மேற்பார்வைக்கு ஆள் வைத்தார்கள்.

அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள்? நோய் என்றால் என்ன என்று குடும்பத்துக்கு விளக்கினார்கள். மாத்திரை தவறாமல் இருக்க வழி சொன்னார்கள். குளியல், சாப்பாடு, உடல்நலம் என்று தினசரி வாழ்க்கையைக் கவனித்தார்கள். மறுபடி மனிதர்களோடு பழகவும் வேலை செய்யவும் படிப்படியாகப் பழக்கினார்கள். அரசு உதவிகளுக்கு வழி காட்டினார்கள். தொடக்கத்தில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு, மொத்தம் ஒரு வருடம்.

முடிவுகள் 2014-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன. மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, பணியாளர் வந்துபோன பிரிவினரின் அன்றாடச் செயல்பாட்டில் ஓரளவு கூடுதல் முன்னேற்றம் இருந்தது. நோய் அறிகுறிகளில் தெரிந்த வித்தியாசம் சிறியது, அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால், தமிழ்நாட்டு கிராமங்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது அறிகுறிகள், செயல்பாடு இரண்டிலும் தெளிவான முன்னேற்றம்!

இதைப் பெரிதாக்கியும் சொல்லக் கூடாது. அந்த அளவுகோல் மனச்சிதைவின் எல்லா அறிகுறிகளையும் சேர்த்து அளப்பது. மௌனத்தை மட்டும் தனியாக அளப்பதில்லை. அவமானம், ஒதுக்கப்படுதல், குடும்பத்தின் சுமை ஆகியவற்றில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஊரின் பார்வையை ஒரு பணியாளர் ஒரு வருடத்தில் மாற்றிவிட முடியாது. அது ஊர் செய்ய வேண்டிய வேலை.

என்னென்ன சிகிச்சைகள் இருக்கின்றன?

*பழகும் பயிற்சி:* 1970-கள் தொட்டு அமெரிக்காவில் ராபர்ட் லிபர்மன் போன்றவர்கள் வளர்த்த முறை. நாம் யோசிக்காமல் செய்வதைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து ஒத்திகை பார்ப்பது. 'பஸ் கண்டக்டரின் முகத்தைப் பார். மதுராந்தகம் ஒண்ணு என்று கேட்கும்படி சொல். சில்லறையை எண்ணி வாங்கு.' முதலில் மையத்தில் நடிப்பு, அப்புறம் நிஜ பஸ்ஸில். மௌன அறிகுறிகளில் ஓரளவு பலன் தரும் என்பதற்கு ஆதாரம் உள்ள முறைகளில் இது முக்கியமானது.

*எண்ணத்தை மாற்றும் பேச்சு சிகிச்சை:* 'எப்படியும் தோற்பேன்' என்ற எண்ணத்தை வாதாடி மாற்றுவதில்லை, சின்ன வெற்றிகளைக் காட்டி மாற்றுவது. ஆரோன் பெக் குழுவினர் 60 நோயாளிகளிடம் 18 மாதங்கள் செய்த ஆய்வு 2012-ல் வந்தது. பல வருடங்களாக முடங்கிக் கிடந்தவர்களிடம்கூட செயல்பாடு கூடியது, முனைப்பின்மை குறைந்தது. இதற்கு நீண்ட பொறுமை வேண்டும் என்பதையும் அந்த 18 மாதமே சொல்லிவிடுகிறது.

*யோகா:* பெங்களூரு நிம்ஹான்ஸில் 61 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2007-ல் வெளியானது. மருந்தோடு யோகா செய்தவர்களையும், மருந்தோடு உடற்பயிற்சி செய்தவர்களையும் நான்கு மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். யோகா பிரிவில் அறிகுறிகள் குறைவாகவும், பழகும் திறனும் வேலைத் திறனும் கூடுதலாகவும் இருந்தன.

*நினைவு, கவனப் பயிற்சி:* கவனம், ஞாபகம், திட்டமிடல் ஆகியவற்றைக் கூர்மையாக்கும் பயிற்சிகள். வேலைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கும்போது வாழ்க்கையில் கூடுதலாகப் பயன்படும்.

*வேலை:* மறுவாழ்வு மையங்களில் தையல், அச்சு, சமையல் என்று தொழில் கற்றுத் தருகிறார்கள். சம்பளம் எவ்வளவு என்பதைவிட, 'காலையில எழுந்து போக ஓர் இடம் இருக்கு' என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

எல்லாமே பலிக்கும் என்றும் இல்லை. உடலசைவை வைத்துச் செய்யும் ஒரு சிகிச்சையை பிரிட்டனில் 275 பேரிடம் பரிசோதித்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. சாதாரண உடற்பயிற்சி வகுப்பை விட மௌன அறிகுறிகளில் சொல்லிக்கொள்ளும் பலன் இல்லை. 'ஒரே மாசத்துல சுறுசுறுப்பாக்குறோம்' என்று யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடே மருந்தாகும்போது

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள கோவளம் பகுதியில் பல வருடங்களாக வேலை செய்யும் அமைப்பு 'தி பேன்யன்'. வீதியில் திரிந்த மனநோயாளிப் பெண்களுக்காக 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் இருவரும் சென்னையில் தொடங்கியது.

நோய் கட்டுப்பட்டும் திரும்பிப் போக வீடு இல்லாதவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்காக வந்த திட்டம் 'ஹோம் அகெய்ன்'. சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீடு. நாலைந்து பேர் ஒரு குடும்பம் மாதிரி சேர்ந்து வாழ்வார்கள். துணைக்குப் பணியாளர் இருப்பார். இன்று என்ன குழம்பு, காய் வாங்க யார் போவது, எந்த சீரியல் பார்ப்பது எல்லாம் அவர்கள் முடிவு.

கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால், விடுதியில் மணியடித்தால் சாப்பிட்டு மணியடித்தால் படுத்தவருக்கு, 'சாம்பாரா, காரக்குழம்பா?' என்ற கேள்வி பெரிய சிகிச்சை. நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தசைக்கு அதுதான் உடற்பயிற்சி.

கோயிலுக்கு அழைத்துப் போகலாமா?

பல குடும்பங்கள் டாக்டருக்கு முன்பே கோயிலுக்கோ தர்காவுக்கோதான் போகின்றன. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகியதை யாரும் மறக்க முடியாது. கட்டி வைப்பது இன்று 2017 மனநலச் சட்டப்படியே குற்றம்.

அதற்கு அடுத்த வருடம், தமிழ்நாட்டின் ஒரு முத்துசாமி கோயிலைப் பற்றி நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அங்கே வந்து தங்கிய 31 பேரைக் கவனித்தார்கள். கட்டிப்போடுவதோ அடிப்பதோ மந்திரவாதமோ கிடையாது. கூட உறவினர் ஒருவர் தங்குவார். பூஜையில் கலந்துகொள்வது, இடத்தைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற லேசான வேலைகள். கிளம்பும்போது அறிகுறிகள் ஓரளவு குறைந்திருந்தன.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவு இல்லாத சின்ன ஆய்வு அது. மாத்திரைக்குப் பதில் கோயில் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் பயமில்லாத இடம், கூட ஒருவர், கையில் ஒரு சின்ன வேலை என்ற மூன்றும் நாம் மேலே பார்த்த சிகிச்சைகளில் உள்ளவைதான். அவற்றை வீட்டிலேயே கொடுக்கலாம். சாமி கும்பிடுங்கள், மாத்திரையையும் கொடுங்கள்.

பெண்ணாக இருந்தால்...

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மகனுக்குச் சோறாவது கிடைக்கும். அதே நோய் உள்ள மருமகள் அடுப்பு பற்றவைக்கவில்லை, குழந்தையைக் கொஞ்சவில்லை, வந்தவர்களிடம் சிரிக்கவில்லை என்றால்? 'திமிர் பிடிச்சவ' என்று பெயர் வாங்கி, பிறந்த வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள்.

கணவனைப் பிரிந்த, மனச்சிதைவு உள்ள பெண்களைப் பற்றி ஸ்கார்ஃப் 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பெரும்பாலானவர்களுக்குச் சட்டப்படி விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை. வயதான பெற்றோரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'எங்களுக்கு அப்புறம் இவ கதி?' என்ற கவலையோடு. சோம்பேறி, திமிர் என்ற வார்த்தைகள் ஒரு வாழ்க்கையையே வீட்டை விட்டு வெளியேற்றும் வார்த்தைகள்.

வீட்டில் இன்றே என்ன தொடங்கலாம்?

* ஒரே ஒரு வேலை: 'உருப்படியா ஏதாவது செய்' என்பது வேலை இல்லை. 'சாயங்காலம் ஆறு மணிக்குச் செடிக்கு ஒரு குடம் தண்ணி' என்பது வேலை. தினமும் அதே நேரம், அதே வேலை. இரண்டு வாரம் நிலைத்த பிறகு அடுத்தது.
* 'போ' வேண்டாம், 'வா' என்று சொல்லுங்கள்: "போய்க் குளிடா" என்பதைவிட, "தண்ணி விளாவி வெச்சிருக்கேன், வாப்பா" என்பதற்குக் கால் நகரும். தொடங்கி வைப்பதுதான் கஷ்டம். அந்த முதல் அடியை மட்டும் நீங்கள் சேர்ந்து வையுங்கள்.
* தேர்வைக் கொடுங்கள்: நீல சட்டையா, வெள்ளையா? தோசையா, இட்லியா? பதில் வரக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். நீங்களே பதிலையும் சொல்லிவிடாதீர்கள்.
* முன்கூட்டியே படம் காட்டுங்கள்: "நேத்து கடைக்குப் போனப்ப டீ நல்லா இருக்குன்னியே, இன்னிக்கும் போலாமா?" எதிர்பார்ப்பு தானாக எழாத மனதுக்கு, நேற்றைய சந்தோஷத்தை நினைவூட்டினால் ஒரு கைப்பிடி கிடைக்கும்.
* செய்ததைச் சொல்லுங்கள்: "இன்னிக்கு ரேஷன் கடைல நீயே கையெழுத்துப் போட்டியே" என்று நடந்ததை அப்படியே சொன்னால் போதும். 'ஆஹா ஓஹோ' வேண்டாம்.
* முகத்தை நம்பாதீர்கள்: முகத்தில் தெரியவில்லை என்பதால் உள்ளே இல்லை என்று எண்ணாதீர்கள். அவர் காதுபட "இவனுக்கு ஒண்ணும் உறைக்காது" என்று பேசவே பேசாதீர்கள். உறைக்கும்.
* கல்யாணம் மருந்தில்லை: 'ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்' என்று நோயை மறைத்துச் செய்யும் கல்யாணம் இரண்டு பேரையும் வதைக்கும்.
* உங்களுக்கும் ஓய்வு: பார்த்துக்கொள்ளும் அம்மா வாரத்தில் ஒரு மாலையாவது வெளியே போய் வரட்டும். அந்த நேரம் பெரியப்பாவோ அத்தையோ வந்து உட்காரட்டும். நோயாளிக்கும் அது இன்னொரு முகம், இன்னொரு பேச்சு.

முன்னேற்றத்தை நாள் கணக்கில் பார்க்காதீர்கள். போன பொங்கலுக்கு எப்படி இருந்தார், இந்தப் பொங்கலுக்கு எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

உரிமையும் உதவியும்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் மனநோயும் ஒன்று. பாதிப்பு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகளுக்கான சான்றிதழ் பெறலாம். இந்த மதிப்பீட்டில் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது. நான்குமே இந்த மௌனம் தின்னும் விஷயங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது, 'குரல் கேட்கலை' என்று மட்டும் சொல்லாமல், குளியல் முதல் கடைக்குப் போவது வரை தினசரி நிலைமையை எழுதி எடுத்துப் போங்கள்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருந்தும் ஆலோசனையும் இலவசம். டெலி மானஸ் உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் கேட்கலாம். சாப்பாட்டை அடியோடு நிறுத்துவது, அசையாமல் ஒரே நிலையில் இருப்பது, சாவைப் பற்றிப் பேசுவது போன்றவை தெரிந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

பத்தாவது படித்த ஓர் உள்ளூர்க்காரர், ஆறு வாரப் பயிற்சியோடு வீடு தேடிப் போனாலே கொஞ்சம் மாற்றம் வரும் என்று இதே மண்ணில் பார்த்துவிட்டோம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இன்று பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். மனச்சிதைவு உள்ள வீட்டுக்கும் அப்படி ஒருவர் தவறாமல் வர வேண்டும். கேட்க வேண்டியவர்கள் குரல் எழுப்ப முடியாதவர்கள் என்பதால், அவர்களுக்காக ஊர்தான் கேட்க வேண்டும்.

*அடுத்த வாரம்: 'நல்லாத்தானே இருக்கேன், மாத்திரை எதுக்கு?' – பாதியில் மருந்தை நிறுத்துபவர்களிடம் எப்படிப் பேசுவது?*